ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வைட்டமின் ஊசி

என் மகள் பெரியவளானபோது ஊரைக் கூட்டிச் சொன்னோம். கிள்ளானில் மண்டபம் எடுத்து, வாசலில் அவள் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வைத்து, உள்ளே பெரிய திரையில் அவள் ஊஞ்சல் ஆடுவதையும் ரோஜாப்பூவை முகர்வதையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் லோரி ஓட்டுநர்களும் சீன முதலாளியும் வந்து வயிறாரப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "பிறந்தநாள் மாதிரி," என்று சொல்லிச் சமாளித்தேன். என் அக்கா மேடையேறி மைக்கைப் பிடித்து, எங்கள் வீட்டுப் பிள்ளை இன்றிலிருந்து பெரிய மனுஷி என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு யாருக்கும் கூச்சமே இல்லை.

கூச்சம் அடுத்த ஆண்டு வந்தது. மகள் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்து சில மாதங்களில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மனைவி அதைத் தேநீரோடு சேர்த்து என் முன்னால் வைத்தாள். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"பள்ளிக்கூடத்துல ஊசி போடப் போறாங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கடிதம் மலாயில் இருந்தது. படித்துக்கொண்டே மனதுக்குள் தமிழாக்கினேன். ஓர் இடத்தில் காது சூடானது. மகள் எதிரில் உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன ஊசி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க." வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும் அதே குரலில் மனைவி சொன்னாள். "அது எச்பிவின்னு ஒரு வைரஸ்னால வருது. இந்த வயசுல போட்டா நல்லா வேலை செய்யுமாம்."

"மெதுவா பேசு. பிள்ளை இருக்கா."

"பிள்ளைக்குத்தானே ஊசி."

மகள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் மீயை மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"யோசிப்போம்," என்றேன்.

எங்கள் வீட்டில் யோசிப்போம் என்றால் அக்காவைக் கேட்போம் என்று பொருள். மனைவிக்கு அது தெரியும். அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவர். அம்மா போனபிறகு குடும்பத்துக்குத் தலை அவர்தான். பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கிறார். அங்குள்ள ஒரு கோயிலின் மகளிர் அணிக்குச் செயலாளர். கடைக்கு வரும் பெண்களின் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை அவருக்குத் தெரியும், அவர் வீட்டு விஷயம் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அக்காவுக்கும் ஒரே மகள். என் மகளைவிட ஒரு வயது பெரியவள்.

கடிதத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நான் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் அழைப்பு வந்தது.

"தம்பி, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லக்கா."

"போடாத. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க வாங்க, பேசிக்கலாம். இது போன்ல பேசற விஷயம் இல்ல."

போனில் பேச முடியாத விஷயத்தை அன்று இரவு முழுக்கப் போனிலேயே அனுப்பினார். ஒரு வெளிநாட்டுப் பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அதன் கீழே ஏதோ மொழியில் நீளமாக எழுத்து, அது எந்த மொழி என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு. பேசியவர் தன்னை அனுபவமுள்ள மருத்துவர் என்று சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றார். அவர் பேசப் பேசப் பின்னால் ஒரு சேவல் கூவிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளை பிறக்காது என்று யாராவது சொல்லிவிட்டால், சேவலை யார் கவனிக்கிறார்கள்?

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் பெண்பிள்ளை. "கவர்மென்ட் ப்ரீயா கொடுக்குதுன்னா ஏதோ இருக்குண்ணே," என்றார். கோவிட் ஊசிக்கு இவர் அதிகாலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றவர். அதுவும் இலவசம்தான். அதை நினைவுபடுத்தினேன். "அது வேற லா," என்றார். எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது ஆளைக் காப்பாற்றிய ஊசி, இது பெண்ணைப் பற்றிய ஊசி என்பது இருவருக்கும் புரிந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனோம். அக்காவின் அடுக்குமாடி வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு, அதே மேசையில் கூட்டம் தொடங்கியது. அக்கா, அத்தான், நான், மனைவி. பிள்ளைகள் இரண்டும் சோபாவில் கைப்பேசியோடு. அவர்களை அறைக்குள் போகச் சொல்லலாமா என்று அக்கா யோசித்தார். அறைக்குள் குளிர்சாதனம் பழுது என்பதால் விட்டுவிட்டார். எனவே யாருக்குக் கேட்கக் கூடாதோ அவர்களுக்குக் கேட்கும்படியே எல்லாரும் கிசுகிசுத்தோம்.

அக்காவின் கணவரான அத்தான் காப்புறுதி முகவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு பத்துமலைப் படி ஏறுகிறவர். அவர்தான் முதலில் பேசினார்.

"எனக்கு ஊசின்னா பயம் இல்ல. உள்ள என்ன மருந்து வச்சிருக்கான்னு தெரியலையே, அதான் பயம். அதோட, உனக்கு எதுக்குடா இது? கேன்சருக்குத்தான் உங்க எல்லாருக்கும் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கேனே. வந்தா காசு வரும்."

"வராம இருந்தா, அண்ணே?" என்று மனைவி கேட்டாள்.

"வராம இருந்தா காசு வராது," என்றார் அத்தான் மிகவும் நேர்மையாக.

அக்கா கையமர்த்தினார். "அதெல்லாம் விடுங்க. தம்பி, இந்த வைரஸ் எப்படிப் பரவுதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கண்களாலேயே சொன்னார். நான் மேசை விரிப்பின் பூக்களைப் பார்த்தேன். "நம்ம பிள்ளைங்க அப்படிப்பட்ட பிள்ளைங்களா? இந்த ஊசியைப் போட்டா, நாமளே போய்ட்டு வான்னு கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னா சொல்லுவே?"

"மாப்பிள்ளை வீட்டுல ஊசி போட்டாச்சான்னு கேப்பாங்களா, அண்ணி?" என்றாள் மனைவி.

"கேக்க மாட்டாங்க. ஆனா நினைப்பாங்க."

"அப்ப எப்பத்தான் போடறது?"

"கல்யாணம் பேசி முடிச்சப்புறம் போட்டுக்கட்டும். யாரு வேணாங்கிறா?"

"பொறந்த அன்னிக்கே ஆஸ்பத்திரியில ஹெப்படைட்டிஸ் ஊசி போட்டாங்க. அந்த வியாதியும் அப்படித்தான் பரவும். அப்ப யாரும் மீட்டிங் போடலையே. உங்க மகளுக்கும்தான் போட்டாங்க."

அத்தான் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார். பிறந்த குழந்தைக்கு அப்படி ஓர் ஊசி போடப்பட்டது அவருக்கு இவ்வளவு காலம் தெரியாதுபோல. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், யாரும் கேட்காத பாயசத்தைக் கொண்டுவந்தார். அன்று அவர் அடிக்கடி எழுந்து போய்க்கொண்டே இருந்தார். சோபாவிலிருந்து அவர் மகள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சமையலறையில் ஏதோ வேலை வந்தது. அதை நான் அன்று ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"தாய்மாமன், அத்தை எல்லாம் இருக்கற குடும்பம் இது. அவசரப்பட்டுட்டு அப்புறம் அழக் கூடாது," என்று அக்கா முடித்தார். அத்தான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். நான் சம்மதமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். என் மகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அங்கேதான் இருந்தாள், கேட்டால் அங்கிருந்தே பதில் சொல்லும் தூரத்தில்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நாலைந்து தடவை நானாகவே ஏதாவது பேச ஆரம்பித்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலைப் பற்றி நான் சொன்னதற்கு, "ம்," என்று ஒரு பதில் வந்தது. அன்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஊசி போடும் நாள் வந்து போயிற்று. அன்று மாலை நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மிஸிங்க வந்தாங்கப்பா," என்றாள். தாதியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அப்படியா."

"எல்லாரும் ஹால்ல வரிசையா நின்னாங்க. நானும் காய்ச்சல் வந்த ஒரு பிள்ளையும் லைப்ரரியில உக்காந்திருந்தோம். சிக்கு வந்து, நீ ஏன் போடலன்னு கேட்டாங்க. அப்பா வேணாம்னு சொல்லிட்டார்னேன். ஏன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்கப்பாவுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ன காரணம்ப்பா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிக்கு என்று அவள் சொன்ன ஆசிரியை முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டு, இப்போது உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள். நான் சேவல் மருத்துவரை நினைத்தேன், மாப்பிள்ளை வீட்டை நினைத்தேன், அத்தானின் பாலிசியை நினைத்தேன். அவளிடம் சொல்லும்படியாக ஒன்றுகூடத் தேறவில்லை.

"நீ இன்னும் சின்னப் பிள்ளைம்மா."

"சின்னப் பிள்ளையா இருக்கும்போதுதான் போடணும்னு மிஸி சொன்னாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா நிற்கவே இல்லை. மகள் இன்னும் சற்று நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். என் அலுவலகத்தில் ஒரு சரக்குப் பெட்டிக்குத் தாள் குறைந்தால் சுங்கத்துறைக்காரர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்கிறவன் நான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஒரே கேள்விக்கு முன்னால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

ஒரு வாரம் போலக் கழிந்ததும் மனைவி பேசினாள்.

"ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு பிரைவேட் கிளினிக் இருக்கு. சனிக்கிழமை அப்பாயின்மென்ட் வாங்கிட்டேன். எனக்கு அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல வேலை. நீங்கதான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? லேடீஸ் விஷயம்..."

"வேணாம்னு கையெழுத்துப் போட்டது லேடீஸா?"

"சரி, அவ்வளவு தூரம் எதுக்கு? இங்க பக்கத்துலயே கவர்மென்ட் கிளினிக் இருக்கே. விட்டுப்போனவங்களுக்கு அங்கயே போடுவாங்கல்ல?"

"கேட்டிருக்கலாம். ஆனா அங்க இருக்கற மிஸி உங்க அக்கா கடையிலதான் சேலை எடுப்பாங்க."

அதற்குமேல் நான் வாதிடவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் எனக்குச் சட்டென்று பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன்ப்பா, பேங்குக்கா போறோம், கொள்ளையடிக்க?" என்றாள். பிறகு வழி முழுக்கக் கைப்பேசியில் யாருக்கோ எழுதிச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையாக அவள் எனக்குத் தெரியவில்லை.

கிளினிக் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. பக்கத்தில் டயர்க்கடை. உள்ளே கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும். ஆண் என்று நான் ஒருவன்தான். ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். அது கொழுகொழுக் குழந்தை அட்டைப்படம் போட்ட பத்திரிகை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பெரிய கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், தலையைச் சுற்றி ஒரு சால்வை. நேராக மூலைக்கு வந்து, எனக்கு அடுத்த நாற்காலியில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார் அந்தப் பெண். கூடவே வந்த பிள்ளை என் மகளைப் பார்த்துக் கையை ஆட்டியது. என் மகளும் ஆட்டினாள்.

"ஹாய் மாமா," என்றது அந்தப் பிள்ளை.

கறுப்புக் கண்ணாடி மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"தம்பி," என்றது என் அக்காவின் குரல். "நீ எங்கடா இங்க?"

"சும்மாக்கா. பிள்ளைக்குக் கொஞ்சம் சளி." மூச்சு விடாமல் கேட்டேன், "நீ?"

"இவளுக்கு உடம்பு வீக்கா இருக்குன்னாங்க. வைட்டமின் ஊசி."

"கிள்ளான்ல இல்லாத சளி டாக்டரா?" என்று அக்கா முந்திக்கொண்டார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல இல்லாத வைட்டமினா?" என்றேன் நான்.

அப்போது முகப்பிலிருந்த சீனப்பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே கூடம் முழுக்கக் கேட்கும்படி அழைத்தாள். "எச்பிவி, செகண்ட் டோஸ்!" அக்காவின் மகள் எழுந்தாள். "எச்பிவி, ஃபர்ஸ்ட் டோஸ்! நெக்ஸ்ட்!" என் மகள் கையைத் தூக்கி, "நான்தான்," என்றாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நான் தொப்பியைக் கழற்றினேன். எதற்கு என்று தெரியாது, கழற்றினோம்.

"செகண்ட் டோஸா?" என்றேன். "அப்ப முதல் ஊசி எப்ப போட்டே?"

"ஆறு மாசம் ஆச்சு."

நான் மனதுக்குள் பின்னோக்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பாயசம், கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அத்தனைக்கும் முன்பே அவர் மகளுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. பாதி போட்டுக்கொண்டே எங்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குழந்தைப் பத்திரிகையைச் சுருட்டிவிட்டேன்.

"உனக்கு மட்டும் வேணும், எங்களுக்கு வேணாமாக்கா? என் பிள்ளையை லைப்ரரியில தனியா உக்கார வச்சாங்க, தெரியுமா?"

அக்கா உள்ளே போகும் தன் மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மெதுவா பேசு," என்று சொல்லிவிட்டு, இன்னும் மெதுவாகக் கேட்டார். "முன்ன ஒரு ஆபரேஷன் பண்ணேன்ல?"

"பித்தப்பைக் கல்லு."

"பித்தப்பை எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

நான் யோசித்தேன். தெரியவில்லை.

"தெரியாது. அதான் அதைச் சொன்னேன்." சால்வையின் ஓரத்தை விரலில் சுற்றினார். "பாப் ஸ்மியர்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. அதுல என்னமோ மாற்றம்னாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுவேதான்னாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, தம்பி."

அந்த வார்த்தையை அக்கா என் எதிரில் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஆப்பிள் பழங்களை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா வெளுத்துப் போய்ப் படுத்திருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எவ்வளவு சுற்றினேன் என்பதை விவரமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

"அப்ப நீதானே எல்லாருக்கும் சொல்லியிருக்கணும், போடுங்கன்னு?"

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அப்புறம் இது எப்படிப் பரவுதுன்னு கேப்பீங்க. அப்புறம் அக்காவுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க."

"நான் கேக்க மாட்டேன்க்கா."

"நீ கேக்க மாட்டே. நினைப்பே."

அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தானின் முகம்கூட மனதில் வந்து போயிற்று. பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து போகிற சாதாரண வைரஸ் அது என்று, பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. ஜலதோஷம் மாதிரி, பெரும்பாலும் தானே போய்விடும், சிலருக்குப் போகாது, அது யார் குணத்தையும் காட்டாது என்றார். அதை ஒருவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். சொல்ல வந்தவர்களை நாங்கள் மெதுவாகப் பேசு என்றுதான் அடக்கியிருக்கிறோம்.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"ஆபரேஷன் தெரியும். பிள்ளைக்கு ஊசி போடறது தெரியாது. சொன்னா அவங்க அண்ணன் தம்பியெல்லாம் கூட்டி இன்னொரு மீட்டிங் போடுவார். என்னால ஆகாது லா."

எங்கள் முறை வந்தது. மருத்துவர் இளம்பெண், தமிழர். மகள் கையை நீட்டினாள். ஊசி குத்தியதும் என்னைப் பார்த்து, "எறும்பு கடிக்கறதுதான்ப்பா இதைவிட வலிக்கும்," என்றாள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"டாக்டர், பின்னால குழந்தை பொறக்கறதுல பிரச்சினை ஏதாவது..."

"இல்ல, அங்கிள். வாட்ஸ்அப்லயா வந்துச்சு?"

"ஆமா."

"பின்னால சேவல் கூவுமா?"

எல்லாருக்கும் ஒரே பதிவுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மருத்துவர் சிரிக்காமல் எனக்கு நாலு வார்த்தையில் விளக்கினார். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயதில் என்றார். ஊசி போட்டிருந்தாலும் பிற்காலத்தில் சோதனைகளை விடக் கூடாது என்று மகளிடமே நேராகச் சொன்னார். என் மகள் அக்கறையோடு தலையாட்டினாள். என் எதிரில் அவளிடம் இதை நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

ஊசிக்குப் பிறகு மயக்கம் வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். நால்வரும் வரிசையாக உட்கார்ந்தோம். அப்போதுதான் கேட்டேன், இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு எப்படி வந்தோம் என்று. பிள்ளைகள் இரண்டும் சிரித்தன.

"நான்தான் மாமா இவகிட்ட கிளினிக் பேரைச் சொன்னேன்," என்றாள் அக்காவின் மகள். "பிரிக்பீல்ட்ஸ்ல நீங்க மீட்டிங் போட்டீங்கல்ல, அப்பவே மெசேஜ்ல சொல்லிட்டேன், எனக்கு ஏற்கெனவே போட்டாச்சுன்னு."

"நான் அம்மாகிட்டச் சொன்னேன்," என்றாள் என் மகள். "அம்மா இவளோட அப்பாயின்மென்ட் எப்பன்னு கேட்டுட்டு அதே நாள்ல வாங்கினாங்க."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நால்வரில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று மாலை மனைவியிடம் கேட்டபோது, "அண்ணி போறாங்கன்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள். நம்பியிருக்க மாட்டேன். அக்காவுக்கே போன் போட்டு உண்மையா என்று கேட்டிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவருக்கொருவர் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் அக்காவின் கோயில் மகளிர் அணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. என் மனைவியும் அதில் இருக்கிறாள். அடுத்த மாதம் அம்பாங்கிலிருக்கும் ஓர் உறுப்பினர், மகளுக்குப் பள்ளியில் ஊசிக் கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று குழுவில் கேட்டார். பதில்கள் குவிந்தன. சேவல் மருத்துவர் மறுபடி வந்தார். செயலாளர் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அக்கா ஒரு கும்பிடும் கையை மட்டும் போட்டுவிட்டு, "அவரவர் விருப்பம், ஆனால் யோசித்துச் செய்யவும்," என்று எழுதினார்.

மனைவி அதைக் காட்டினாள். நான் அக்காவை அழைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவரைக் கண்டிக்கப் போகிறேன் என்று குரலைச் செருமிக்கொண்டேன்.

"அக்கா, அந்த அம்பாங் அம்மா யோசிக்கிறாங்களாம்."

"யோசிக்கட்டும்."

"நான் யோசிச்ச மாதிரி யோசிப்பாங்கக்கா. உன்னைக் கேட்டு. உன் பிள்ளை தப்பிச்சிட்டா. என் பிள்ளை உன் பிள்ளையோட மெசேஜ்னால தப்பிச்சா. அவங்க பிள்ளைக்கு யாரு மெசேஜ் அனுப்புவா?"

மறுமுனையில் கடையில் யாரோ சேலையின் கரையைப் பற்றி விசாரிப்பது கேட்டது. "கொஞ்சம் இருங்க ஆன்டி," என்று அவர்களிடம் சொன்ன அக்கா, என்னிடம் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், இந்தத் தடவை குடித்து முடிக்கும்வரை எடுத்துப் போகவில்லை.

இரண்டு நாளில் குழுவில் அறிவிப்பு வந்தது. கோயில் மண்டபத்தில் தாய்மார்களுக்கு மருத்துவ விளக்கம், அனைவரும் வருக, இரவு உணவு உண்டு. ஏற்பாடு: செயலாளர். பேச வருகிறவர் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஓர் இளம் பெண் மருத்துவர். கீழே அக்கா தம் பெயருக்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த ஊசியைப் பற்றித் தாம் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருவதாக. என்ன சொல்லி வருகிறார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அன்று ஆண்களுக்கு நாற்காலி போடும் வேலையும் தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர் கலக்கும் வேலையும் தரப்பட்டன. மருத்துவர் பேசினார். கேள்விகள் வந்தன. மாப்பிள்ளை வீடு வந்தது, மலடு வந்தது, வெளிநாட்டுச் சதி வந்தது. மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கூட்டம் அசையவில்லை. அப்போது அக்கா மைக்கை வாங்கினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க," என்று ஆரம்பித்தார். "நல்ல குடும்பம். கோயில், வீடு, கடைன்னு இருக்கறவங்க. அவங்களுக்கு இது வந்துச்சு." சோதனை, ஆபரேஷன், ஆறு வாரம் படுத்தது, கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாமல் பித்தப்பை என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டார். "அந்த அம்மா காலத்துல இந்த ஊசி இல்ல. இப்ப இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்குப் போடுங்க. யாரு என்ன நினைச்சா என்ன," என்று முடித்தார். யாரு என்ன நினைச்சா என்ன என்று என் அக்கா சொல்லி நான் கேட்பேன் என்று எதிர்பார்த்ததே இல்லை.

பெண்கள் எழுந்து அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஒருத்தங்க யாரு என்று விசாரித்தார்கள். "நமக்கு வேண்டியவங்கதான்," என்று அக்கா நழுவினார். அம்பாங் அம்மாள் மருத்துவரிடம் தனியாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று பிற்பாடு குழுவில் படித்தேன்.

நானும் அத்தானும் பின்னால் தே தாரிக் ஊற்றிக்கொண்டிருந்தோம். அத்தான் தேநீரை மிகக் கவனமாக உயரத்திலிருந்து ஊற்றினார்.

"நல்லா பேசினா உங்க அக்கா," என்றார்.

"ஆமா அத்தான்."

"என் பிள்ளைக்கும் போட்டாச்சுல்ல?"

நான் கோப்பையைத் தவறவிடப் பார்த்தேன். "உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் ஊசி போட்ட அன்னிக்கே பிள்ளை சொல்லிட்டா. கை வலிக்குதுப்பான்னு வந்து உக்காந்தா, கேட்டேன், சொன்னா."

"அப்புறம் அன்னிக்கு மீட்டிங்ல, உள்ள என்ன மருந்து வச்சிருக்கான்னு..."

"உங்க அக்கா வேணாம்னு பேசறப்ப நான் மட்டும் வேணும்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்ல?" என்றார் அத்தான். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு அவ பாட்டுக்கு நிம்மதியா இருக்கா. அதை ஏன்டா கெடுக்கணும்? நீயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். முன்னாலிருந்து அக்கா கையசைத்து, மருத்துவருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு தே கொண்டுவரச் சொன்னார். அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.